அரைப்புள்ளி

பழையது பெப்ரவரியில் செத்தது.
கீல் உடைந்து, ரப்பர் வளையத்தில் நின்ற திரை
ஒரு வெள்ளிக்கிழமை நீலமாகி,
பிறகு நீலமும் இல்லை.
பத்து வருடம். இருபத்திரண்டு பேரின் சீட்டுக் கணக்கு.
நல்லகாலம், சாவிக்கொத்தில் ஒரு பென்டிரைவ்
கார்ச் சாவியோடு உரசிக்கொண்டு கிடந்தது.

ழான்-தலோன் தெருக் கடையில்
பனிச் சப்பாத்தோடு நிற்கிறேன்,
தரையில் என் உப்புத் தண்ணீர்.
விற்கிற பையனின் சட்டையில் வில்நேர் என்றிருக்கிறது.
"என்ன வேலைக்கு, மதாம்?"
"கணக்கு" என்றேன்.
என்ன கணக்கென்று அவனுக்கேன்.

விண்டோஸில் சன்னலை மூடும் பெருக்கல் குறி
வலது மூலையில்.
மக்கில் சிவப்புப் பொட்டு, இடது மூலையில்.
வந்த வருடம் கோட்-தே-நெய்ஜில்
வலப்பக்கம் பார்த்துத் தெருவில் கால் வைத்து
இடப்பக்கத்தால் வந்த பேருந்திடம் ஏச்சு வாங்கினேன்.
கழுத்து திருந்த ஆறு மாதம் எடுத்தது.
விரல் திருந்த எவ்வளவு எடுக்கும்?
பிரதி எடுக்க இதிலே சுண்டுவிரல்,
அதிலே பெருவிரல்.
இதற்கு வைரஸ் காவல் முக்கியம்,
அதற்கு அவ்வளவு கவலை வேண்டாமாம்.
"அந்த வேண்டாமையும் விலைக்குள்தான் இருக்கிறது"
என்று வில்நேரே சிரித்தான்.
மூன்றாவது ஒன்றும் உண்டாம், பென்குவின் படத்தோடு,
இலவசம்.
கடையில் இல்லை, அவன் வீட்டில் இருக்கிறது.
இலவசமென்றால் பழுதாகும்போது
யாரோடு போய்ச் சண்டை பிடிப்பது?

கேள்விக்குறி இருக்கவேண்டிய கட்டையில்
தலையில் கீறல் விழுந்த ஒரு பிரெஞ்சு எழுத்து.
"கேள்விக்குறி எங்கே?"
"வேறு இடத்தில், மதாம். இது கியூபெக்."

பென்டிரைவைக் குத்திக் காட்டச் சொன்னேன்.
திறந்தது.
பாமினியில் பத்து வருடம் அடித்ததெல்லாம்
பாமினி இல்லாத வீட்டில்
உடுப்பில்லாமல் நின்றது.
வில்நேர் குனிந்து வாசித்தான்,
எழுத்துகளை எனக்காக ஆங்கிலத்தில்,
குறியை மட்டும் தன் பிரெஞ்சில்:
"எஃப், எல், டி, புவான்-வீர்குல்."

கடன்.

நான் புள்ளி குத்திய இடமெல்லாம் அரைப்புள்ளி.
முடிந்தது என்று நான் வைத்தது
இன்னும் இருக்கிறது என்று நிற்கிறது.
"கே, இசட், பி."
மணி. ஒழுங்காகக் கட்டுகிறவர்.
"ஜே, டி, கே, புவான்-வீர்குல்.
இது என்ன மொழி, மதாம்? கடவுச்சொல்லா?"

தவம்.

சபனெல் தையல் ஆலை மூடியதிலிருந்து
தவமக்கா தொலைபேசி எடுப்பதில்லை.
இரண்டாம் மாதமே சீட்டை எடுத்துக்கொண்டு போனவள்.
மிச்சத் தவணைகளை நான் போட்டு
மற்றவர்களின் வாயை மூடினேன்.
பெயர்கள் எல்லாம் குலைந்து கிடக்க
இலக்கங்களுக்கு ஒரு கீறலும் இல்லை:
ஆயிரத்து நூற்றைம்பது.
யார் என்று எந்த மெசினுக்கும் தெரியவில்லை.
எவ்வளவு என்று எல்லா மெசினுக்கும் தெரிகிறது.

வெள்ளி நிற மக்கின் விலைச்சீட்டைத் திருப்பினேன்.
வரியோடு, கிட்டத்தட்ட ஒரு தவமக்கா.

வாங்கிவிட்டேன்.
ஏன் அதை என்று கேட்டால்
மூடும்போது சத்தமே வரவில்லை, அதுதான்.
பாமினியை ஏற்றினால் ஒரு நிமிட வேலை என்றான் வில்நேர்.
ஏற்றவில்லை.
இரவில் குசினி மேசையில் ஒவ்வொரு பெயராக
யூனிகோடில் திரும்ப அடிக்கிறேன்,
வேர்வைக்காரி மாதிரி, சுண்டுவிரலைப் பெருவிரல் திட்ட.
மணி வந்துவிட்டார். இராசநாயகம் வந்துவிட்டார்.
குகனேசனுக்கு ஒற்றை விடுபட்டுத் திருத்தினேன்.
ஜே, டி, கே, அரைப்புள்ளி
அப்படியே இருக்கிறது பதினேழாம் வரியில்.
பெருந்தன்மை ஒன்றுமில்லை.
நாளைக்கோ மறுநாளோ அடிப்பேன்,
அடித்தால் கேட்கவும் வேண்டிவரும்.

மணி பன்னிரண்டரை.
மூடலாமென்று கையைக் கொண்டுபோகிறேன்
வலது மூலைக்கு.
அங்கே ஒன்றுமில்லை.